கப்பலுக்குக் காசு கிடையாது

சப்பாத்திக்கு மாவு பிசைந்துவிட்டுக் கையை எடுத்தேன். விரலை மடக்கிக் குத்திய இடத்தில் ஒரு சின்னக் கப்பல் பதிந்திருந்தது. பாய் விரித்த கப்பல், கீழே மூன்று கோடு அலை. உருட்டித் தேய்த்தால் போய்விடும். தேய்க்க மனசு வராமல் அடுப்பை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு டிபன் உண்டா இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நீ இருந்திருந்தால் அவருக்குத் தகுந்த பதில் கிடைத்திருக்கும். நான் ஊக்கை எடுத்து, மோதிரத்தின் பள்ளத்தில் அடைந்த மாவைச் சுரண்டத் தொடங்கினேன்.

ஆமாம், மோதிரம் என் விரலில்தான் இருக்கிறது. சிரிக்காதே.

ஆறு வருஷம் இருக்குமா நாம் அதை வாங்கி? கடலூர் முதுநகரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய சாமான் கடையைப் பார்த்ததும், “ரெண்டே நிமிஷம் அண்ணி” என்றாய். உன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? மற்ற வீடுகளில் நாத்தனார்கள் அண்ணியை நீங்க, வாங்க என்பார்கள். நீயோ நான் வாழ வந்த மறுநாளே “வா அண்ணி, போ அண்ணி” என்று ஆரம்பித்தவள். கடைக்குள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பொத்தானும் சாவியும் கவரிங் மோதிரங்களும் குவிந்து கிடந்தன. எது எடுத்தாலும் இருநூறு என்றார் கடைக்காரர்.

நீ இதை எடுத்ததும் முகப்பைப் பார்க்கவில்லை. திருப்பி, உள்ளங்கைப் பக்கம் வருகிற அடிவளையத்தைப் பார்த்தாய். கீழ வீதியில் இருபது வருஷமாக வளையலும் கவரிங்கும் விற்றவள் நீ. வருகிறவள் கையை ஒரு தடவை அமுக்கினால் வளையல் அளவு ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா என்று சொல்லிவிடுவாய். என் காதோரம் வந்து, “எவ்ளோ தேஞ்சிருக்கு பாரு அண்ணி. கவரிங்கா இருந்தா இந்நேரம் செம்பு பல்லிளிச்சிருக்கும். இது இளிக்கல” என்று கிசுகிசுத்தாய். நான் முகப்பைப் பார்த்தேன். கப்பலின் கோடுகள் மேலே எழும்பாமல் உள்ளே குழிந்திருந்தன. தபால் ஆபீசில் அரக்கு உருக்கி முத்திரை குத்தியே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இது தெரியாதா? “இது சும்மா மோதிரம் இல்லடி, முத்திரை” என்றேன். இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் மனம் மாறிவிடுவாரோ என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாய்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றாய். ஒரு வீணான உறையில் அரக்கைச் சொட்டவிட்டேன். அழுத்துவதற்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்று மோதிரத்தை விரலில் மாட்டப் பார்த்தால், என் வாதக் கணுவிலேயே அது நின்றுவிட்டது. “விரலா அண்ணி இது, இஞ்சிக் கிழங்கு” என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். கையால் பிடித்தே அழுத்தினேன். ஆறியதும் எடுத்தால், மோதிரத்தில் வலப்பக்கம் போன கப்பல் அரக்கில் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த அரக்குத் துண்டைப் பர்சில் பத்திரப்படுத்திக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே பத்தரிடம் போனோம். அவர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டார். “தங்கந்தான். பதினெட்டு கேரட்டு. சுண்டு விரலுக்குச் செஞ்சது. நம்மாளுங்க இந்த மாத்துல செய்ய மாட்டாங்க, வெளிநாட்டு வேலை. உள்ளாற ஏதோ குறி அடிச்சிருக்கு, தேஞ்சு போச்சு.” பிறகு லென்ஸை வைத்து அடிவளையத்தைப் பார்த்தார். “இங்க ஒரு ஒட்டு இருக்கு. வளையத்தை அறுத்து, நடுவுல ஒரு துண்டு வச்சுப் பத்த வச்சிருக்காங்க. இந்தத் துண்டு மட்டும் நல்ல மஞ்சள், நம்மூர் தங்கம். போட்டிருந்தவருக்கு விரல் பெருத்திருக்கும்.”

விலை கேட்டாய். எடைக்குத் தரலாம், ஒட்டுக்குக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

“கப்பலுக்கு?”

“கப்பலுக்குக் காசு கிடையாதும்மா. உருக்குனா கப்பல் எங்க இருக்கும்?”

பிடுங்காத குறையாக மோதிரத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாய். “வேற மோதிரம் வாங்க வக்கில்லாதவரா அவரு? இதைக் கழட்ட மனசில்ல. ஒட்டுப் போட்டுப் போட்டிருக்காரு. நல்லா சாப்ட்ட மனுசன் அண்ணி” என்றாய். பத்தர் கழிக்கச் சொன்ன ஒட்டைத்தான் வீடு வருகிறவரை பேசிக்கொண்டு வந்தாய். அடுத்த வாரமே மனசு கேட்காமல் முதுநகர் போய்க் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லியும்விட்டாய். “மூட்டையா வாங்கறோம், எந்த வீட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? தெரியாம வித்தவன் நான், உனக்கு ஏன்மா வேர்க்குது?” என்றாராம் அவர். அவர் பெண்ணுக்கு இரண்டு டஜன் வளையல் கொடுத்துவிட்டு வந்தாய்.

எனக்குத்தான் ஆகவில்லை. அரக்கில் பார்ப்பது வேறு, விரலில் போடுவது வேறு. யாரோ செத்தவன் கையிலிருந்து வந்தது வேண்டாம் என்றேன். மஞ்சள் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் மாட்டிக்கொண்டு வந்து, “இப்ப ஆச்சா?” என்று விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

மூன்று வருஷம் கழித்து உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூட வந்தேன். ஒரு நாள் நான்கு மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தேன். “அந்த மோதிரம் வந்தப்புறந்தான் உனக்கு இப்டி. செத்தவன் பொருளை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா வேற என்ன வரும்?”

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நீ. அன்று மோதிரத்தைக் கழற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு அதை உன் விரலில் நான் பார்க்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். பெரியவள் என்கிற வீம்பு, சொல்லவிடவில்லை.

அதற்குப் பின் ஒரு நாள், ஒரு கையில் ஊசி ஏறியிருக்க, மறு கையால் என் இடது கையைப் பிடித்தாய். மோதிர விரலின் கணுவை உன் இரண்டு விரலால் வளைத்து அமுக்கினாய், விட்டாய், மறுபடி அமுக்கினாய்.

“ரொம்ப வலிக்குதாடி?” என்றேன்.

“உன் விரலு ஏன் அண்ணி இப்டி வீங்கிக் கெடக்கு? ஊறுகாயைக் கொறை” என்றாய்.

போன தை மாதம் நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் ஒரு வளையல் டப்பாவை என்னிடம் கொடுத்தாள். “அம்மா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க அத்தை. வேற ஒண்ணும் சொல்லல.” திறந்தால் மோதிரம். அடியில் அந்த அரக்குத் துண்டு. நான் சொன்ன சொல்லை எனக்கே திருப்பிவிட்டாய் என்றுதான் பட்டது. செத்தவன் பொருள் என்றாயே, இந்தா, இப்போது செத்தவள் பொருள், நீயே வைத்துக்கொள் என்று நீ சொல்வதுபோல் இருந்தது. டப்பாவைப் பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளினேன். மாதக் கணக்கில் தொடவில்லை.

போன வாரம் தாங்க முடியாமல் அதை எடுத்துக்கொண்டு பத்தரிடம் போனேன். விற்று, வருகிற காசை வடலூர் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

பத்தர் கையில் வாங்கியதும், “இது நான் ஒட்டுப் போட்டதாச்சே” என்றார். அது முன்பே இருந்த ஒட்டு என்றேன். அவர் லென்ஸை என்னிடம் கொடுத்தார். பழைய துண்டுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு துண்டு இருந்தது.

“உங்க நாத்தனாருதான் கொண்டாந்தாங்க. உடம்பு முடியாம, ஆட்டோவுல வந்தாங்க. அளவு எங்கன்னு கேட்டேன். ரெண்டு விரலை வளைச்சுக் காட்டி, ‘இவ்ளோ, கணு தாண்டணும்’னாங்க. தங்கத்துக்கு மூக்குத்தியைக் கழட்டிக் குடுத்தாங்க. யாருக்கும்மான்னேன். ‘எங்க அண்ணிக்கு. கோவக்காரி, இப்பக் குடுத்தா வாங்க மாட்டா’ன்னாங்க.”

மூக்குத்தி எங்கே என்று கேட்டபோது, மருந்து நெடிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொன்னதை நம்பிய மடச்சி நான். அன்று நீ வலி தாங்காமல் என் கையைப் பிடிக்கவில்லை. அளவெடுத்திருக்கிறாய்.

கடையிலேயே போட்டுப் பார்த்தேன். கணுவில் கொஞ்சம் தயங்கி, தாண்டி உட்கார்ந்தது. பத்தர் எதிரிலேயே அழுதுவிட்டேன். அவர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். விற்க வந்தவளாயிற்றே என்று கணக்கையும் சொன்னார். “ரெண்டு ஒட்டு ஆயிடுச்சு, கழிவு ஜாஸ்திம்மா. கப்பலுக்கும் காசு கிடையாது.” விற்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நான் அன்றைக்குச் சொன்னது தப்புடி. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்படிக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊறுகாயை நான் இன்னும் குறைக்கவில்லை. சாயங்காலமானால் மோதிரம் இப்போதே இறுக்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டி எடுக்கும்படி ஆகிவிடும், கழற்றி வை என்கிறார் உன் அண்ணன். கழற்ற மாட்டேன். அடுத்த ஒட்டுக்கு என் மூக்குத்தி இருக்கிறது.