மாதம் பார்க்காத கணக்கு

12.1.1987
நான் ஞானத்தகப்பனாக நின்ற ஜோசப்பினுக்குத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டார்கள். நாளையிலிருந்து காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவாள். தாய் அந்தோனியம்மா படுத்த படுக்கை. வீட்டில் ஒருவர் பேராவது பதிவில் இல்லாவிட்டால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவைப் பறித்துவிடுவார்கள். "இனி யாரும் நம்மள எழுப்ப மாட்டாங்க மாஸ்டர்" என்றாள் ஜோசப்பின்.

15.1.1987
தோட்டத்தில் வேலை செய்யும் மாயாண்டி வந்தார். அறுபதாகிவிட்டதென்று அவர் பேரை வெட்டிவிட்டார்களாம். அவர் பிறந்தது 1927 டிசம்பரில். இன்னும் பதினொரு மாதம் இருக்கிறதே?
"கொழும்புல கம்பியூட்டர் சொல்லுச்சாம் மாஸ்டர். எங்கம்மாவுக்கு அதுதான் பிரசவம் பாத்துச்சா?"

19.1.1987
தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வியாகுலத்தைப் பார்த்தேன். வயதைக் கேட்டால் கம்பியூட்டர் இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழிக்குமாம். மாதத்தையும் தேதியையும் தொடாதாம். உதாரணம் சொன்னேன்: டிசம்பர் 31இல் பிறந்த பிள்ளைக்கு மறுநாள் ஒரு வயதா?
"தொட்டில்லயே நடக்குமே மாஸ்டர்" என்று சிரித்தார்.
கழித்த பிறகு, இந்த வருடப் பிறந்தநாள் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஒன்றைக் குறைக்க வேண்டும். விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்புகிறாராம்.

2.2.1987
கடும் பனி. பதில் இல்லை.

23.2.1987
திருத்திவிட்டார்கள்! மாயாண்டி மறுபடி வேலைக்குப் போகிறார். வெற்றிலை கொண்டுவந்து கொடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

26.2.1987
ஜோசப்பின் பேரை வெட்டிவிட்டார்கள்.
அவள் பிறந்தது 1969 அக்டோபர். பழைய கணக்குக்குப் பதினெட்டு, என் கணக்குக்குப் பதினேழு. பதினெட்டாகாமல் பதிய முடியாது. ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவன் நான்தானே — எனக்கா அவ பொறந்த மாசம் தெரியாது?

27.2.1987
அக்டோபர் வரை காம்பராவையாவது விட்டுவைக்கும்படி வியாகுலத்திடம் கெஞ்சினேன்.
"நீங்க சொன்ன கணக்குதானே மாஸ்டர். மாயாண்டிக்கு ஒன்னு, இந்தப் புள்ளைக்கு ஒன்னுன்னு போட முடியுமா?"
முடியாது. கணக்கு சரி. சரின்னு வச்சு நா என்னா பண்றது?

16.3.1987
காம்பரா போய்விட்டது. அந்தோனியம்மாவை என் முன்னறையில் படுக்க வைத்திருக்கிறோம். கட்டிலைத் தூக்கி வந்தவர் மாயாண்டி. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

30.3.1987
ஜோசப்பின் கொழும்புக்குப் போனாள், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க. நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். "அம்மாவுக்கு மாத்திரையக் கஞ்சி குடிச்ச பொறவு குடுங்க" என்றாள். பஸ் ஏறினாள்.

9.10.1987
இன்று ஜோசப்பினுக்குப் பதினெட்டு. இனிப் பேர் பதியலாம் என்று வியாகுலம் ஆள் அனுப்பிச் சொன்னார். அவர்கள் காம்பராவில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அந்தோனியம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.