முட்டி மடங்கிய கொக்கு

புதுப் பைகள் இன்று காலை அச்சகத்திலிருந்து வந்து இறங்கின. மை வாசனையும் வறுத்த காபிக்கொட்டை வாசனையும் கலந்து கடையெங்கும் நிற்கிறது. இந்த முறை பையின் இரண்டு பக்கமும் உன் கொக்கு, என் மகனின் யோசனை. ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே.

கடை ஆரம்பித்த புதிதில் ஒரு சின்னம் வேண்டுமென்று புலம்பிக்கொண்டிருந்தேன். பொட்டலம் கட்டும் காகிதத்தை இழுத்து, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்றை வரைந்து நீட்டினாய். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இப்படியொரு கை இருப்பது அன்றுதான் தெரிந்தது. என்ன தரட்டும் என்று கேட்டேன். "சும்மா வெச்சுக்கடா" என்றாய்.

பைகள் விற்பனைக்கு வந்த பிறகு இரண்டு குடும்பமும் கட்டுச்சோற்றோடு முக்கொம்பு அணைக்குப் போனோம். தண்ணீர் ஓரம் கொக்கு ஒன்று காலைத் தூக்கி வைத்தது. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் செத்த முகத்தோடு திரும்பினாய்.

"டேய், அதுக்கு முட்டி பின்னாடி மடங்குதுடா. நான் மனுஷனுக்கு மாதிரி முன்னாடி மடக்கிட்டேன்."

நான் சிரித்தேன். மறுநாளே திருத்தி வரைந்து கொண்டுவந்தாய். அடுத்த அச்சில் மாற்றிவிடலாம் என்றேன். அடுத்த அச்சும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கேட்டுக் கேட்டு நீயே விட்டுவிட்டாய். காசு கொடுத்து வாங்கிய படமென்றால் மாற்றியிருப்பேன். சும்மா வந்தது, அதனால் உன் பேச்சையும் சும்மாவே எடுத்துக்கொண்டேன்.

அந்த முட்டிதான் எங்களைத் தூக்கிவிட்டது. காபிக்குக் காத்து நிற்கிற ஆள் மாதிரியே இருக்கிறதென்று ஊர் ரசித்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் கொக்கு காபி எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். வெள்ளி விழா மேடையில் மைக்கைப் பிடித்து, "கொக்கையே பாக்காம கொக்கு வரைஞ்ச மகான் அதோ உக்காந்திருக்கார்" என்றேன். மண்டபமே சிரித்தது, நீயும் சிரித்தாய். அதன்பின் நீ கடைப்படி ஏறவில்லை. உன்னைப் பெருமைப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ போய்ச் சேர்ந்து, காரியங்களெல்லாம் முடிந்த பிறகு உன் ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்தார். ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் தூள்தான். சமையலறை அலமாரியில் எங்கள் பைகள், எல்லாமே படம் சுவரைப் பார்க்கும்படி. நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அவர் அப்படித்தாங்க வைப்பார். காபி உங்களதுதான் வேணும், அந்தக் கால் மட்டும் கண்ணுல படக் கூடாதும்பார்."



இந்தத் தடவையாவது கொக்கின் காலை மாற்றலாமா என்று மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "கால்ல கை வைக்கக் கூடாதுப்பா, அதான் நம்ம அடையாளம்" என்றான். வியாபாரத்துக்கு அவன் சொல்வதுதான் சரி. நானும் தலையாட்டினேன், உன்னிடம் ஆட்டிப் பழகிய தலைதானே.

இப்போது மேஜைமேலிருக்கும் பையை, நீ வைத்தது போலவே, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இந்தப் பக்கமும் உன் கொக்கு, அதே முட்டியை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கிறது.