பனியில் மாறிப்போன கடைசிப் பெட்டி

அன்புள்ள பட்டாணிக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் மூக்கு ஒழுகாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். மூக்கு என்றதும் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அம்மா போனில் சொல்லத்தான் போகிறாள், அதற்குள் நானே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது தெருமுனையில் பையைச் சுமந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை நின்றது, நல்ல குளிர், மூக்கிலிருந்து இரண்டு கோடு உதடுவரை இறங்கி நிற்கிறது. என் கை என்னைக் கேட்காமல் கைக்குட்டையை எடுத்து அந்த மூக்கில் வைத்துவிட்டது, என் வாயும் என்னைக் கேட்காமல் 'ம், சிந்து' என்றது. அந்தப் பிள்ளையும் பாவம், பெரியவங்க சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்த்திருக்கிறார்கள், நன்றாகச் சிந்திவிட்டது. நிமிர்ந்தால் பக்கத்திலேயே அதன் அப்பா நிற்கிறார், ஆள் கதவு உயரம். 'சார், உங்களுக்கு என்ன வேணும்?' என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை, 'எங்க வீட்டுப் பிள்ளைங்க ஞாபகத்துல செஞ்சுட்டேங்க' என்று உளறினேன். கொஞ்சம் இளகி, 'உங்க பிள்ளைங்களுக்கு என்ன வயசு?' என்றார். முப்பதைத் தாண்டியாச்சு என்றேன். அவ்வளவுதான், பிள்ளையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனவர் அந்தக் கோடி போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, 'நல்லவேளை, சிந்தச் சொன்னதோட விட்டீங்களே, தூக்கி இடுப்புல வெச்சுக்கலையே' என்றாள்.

இப்படிப் புத்தி பேதலித்ததற்குக் காரணம் நீதான். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படி அழுதுவிட்டு வைத்துவிட்டாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா பக்கத்திலிருந்து பிடுங்குவாள், கடிதத்தில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை. நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, உங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து நடந்துபோகப் போகிறார்கள், பொடியனும் போகிறேன் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான், மாப்பிள்ளை போகட்டும் என்கிறார், நீ முடியவே முடியாது, காரில்தான் என்கிறாய். இந்தச் சண்டையில் நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் பேசவில்லை, அவன் மூலமாகவே உப்பு கேட்டு வாங்கினீர்கள். 'நீங்களே சொல்லுங்கப்பா, அவன் வயசுல நான் பனியில தொலைஞ்சு போனேன் இல்ல, அவருக்கு அது விளையாட்டாத் தெரியுது' என்றாய். சரி, சொல்கிறேன். மாப்பிள்ளையும் இதைப் படிப்பார் என்று தெரியும், அதனால்தான் முதல் பத்தியிலேயே என் மானத்தை வாங்கிக்கொண்டேன், இனி அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை.

அந்தக் குளிர்கால நடையை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் உங்களை எழுப்புவது ஒரு வேலை என்றால் போர்வைக்குள்ளேயே வைத்து உடுப்பு மாட்டுவது இன்னொரு வேலை, ஒரு கையை வெளியே எடுத்தால் இன்னொரு கை உள்ளே ஓடிவிடும். உன் அம்மா பனியன் மேல் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர், உனக்கு மட்டும் அதன் மேல் அண்ணனுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர், அதன் மேல் கோட் என்று அடுக்கி முடிக்கும்போது உங்கள் இரண்டு பேருக்கும் கை கீழே இறங்காது, இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஈரமான ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ராத்திரியே அடுப்பு ஓரம் வைத்திருப்பாள், உன் அண்ணன், பெரியவன், ஒருநாள் அதை எடுக்காமலே காலை விட்டுப் போய், ஷூ சின்னதாயிடுச்சு என்று சாயங்காலம்வரை நொண்டிவிட்டு வந்தான். நம் தெருவில் அப்போது யாரிடமும் கார் கிடையாது, அப்பா அம்மாக்கள் எல்லாரும் உடுப்பு மாட்டிவிட்ட கையோடு வேலைக்கு ஓடுகிறவர்கள், அதனால் பனிமூட்டத்தில் பிரிந்துபோகாமல் நடக்கப் பிள்ளைகள் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள், அதுதான் அந்த ரயில். முன்னால் இருக்கிற பிள்ளையின் மப்ளர் வால் பின்னால் இருக்கிற பிள்ளையின் கையில். எலக்ட்ரீஷியன் மகள்தான் இன்ஜின், தெருவிலேயே நெட்டை, குரலும் அப்படி. 'யாருடா அது வாலை இழுக்கறது, கழுத்து இறுகுது' என்று அவள் கத்துவது பனிக்குள்ளிருந்து கேட்கும், ஆள் தெரியாது. எல்லாருக்கும் சின்னவள் நீ, நீதான் கடைசிப் பெட்டி. உன் மப்ளர் வாலைப் பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு வருஷம் பூராவும் உனக்கு ஒரே குறை.

ரயில் நேரே பள்ளிக்கூடம் போகாது, நான் வேலை பார்த்த லாண்டரியின் பின்கதவுக்கு வரும். ஊரெல்லாம் விறைத்துக் கிடக்கும்போது அந்த ஒரு இடத்தில்தான் நாங்கள் பனியனோடு வியர்த்துக்கொண்டு நிற்போம், ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் நீராவியில் வெந்து வரும். நீங்கள் வந்து கையுறைகளைக் கழற்றிக் கொடுப்பீர்கள், நான் எல்லாவற்றையும் மொத்தமாக பிரஸ்ஸுக்குள் வைத்து ஒரே அழுத்து, அப்பளம் மாதிரி தட்டையாக, சூடாக வெளியே வரும். அதைப் போட்டுக்கொள்ளும்போது 'ஆ...' என்று எல்லாரும் ஒன்றாக ஒரு சத்தம் போடுவீர்கள் பார், சம்பளத்தன்றுகூட எனக்கு அந்த மாதிரி இருந்ததில்லை. எங்கள் மேஸ்திரி, நாங்கள் விசில் என்று கூப்பிடுவோமே அவர், ஒருநாள் பார்த்துவிட்டு, 'என்னய்யா இது, லாண்டரியா பேக்கரியா?' என்று குதித்தார். மறுநாளே தன் காலுறையைக் கழற்றி நீட்டி, 'இதையும் ஒரு தடவை போட்டு எடு' என்றார். இதில் ஒரு உண்மையையும் சொல்லவேண்டும், கண்ணைத் தவிர மீதி எல்லாம் கம்பளியில் மூடியிருந்ததால் அந்த ரயிலில் என் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாரையும் சமமாகக் கொஞ்சினேன், சமமாகத் திட்டினேன். எங்கிருந்து யார் அப்பா என்று கூப்பிட்டாலும் 'என்னடா' என்பேன்.

இனி நீ தொலைந்த நாள். அன்று பனி எப்படி என்றால் பின்கதவைத் திறந்தால் பனி உள்ளே வருகிறதா நீராவி வெளியே போகிறதா என்று தெரியாத அளவுக்கு. கையுறை வாங்கிக்கொண்டு ரயில் கிளம்பியது. பேக்கரி முக்கில் அடுத்த தெருப் பிள்ளைகளின் ரயில் எதிரே வந்தது, அவர்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடம். இரண்டு ரயிலும் மோதி, எல்லாரும் குவியலாக விழுந்து, தேங்கின தண்ணீரில் கட்டியிருந்த மெல்லிய ஐஸை யார் முதலில் மிதித்து உடைப்பது என்று கொஞ்ச நேரம் கூச்சல் போட்டு, பிறகு எழுந்து அவரவர் கைக்குக் கிடைத்த மப்ளரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். பள்ளிக்கூட வாசலில் இன்ஜின் எண்ணிப் பார்த்தாள், தலை சரியாக இருந்தது. ஏன் இருக்காது, அவர்களுடைய கடைசிப் பெட்டி இங்கே வந்துவிட்டது, நம்முடைய கடைசிப் பெட்டி அங்கே போய்விட்டது! அங்கே டீச்சர் பெயர் கூப்பிடுகிறார், ஒரு பெயருக்குப் பதில் இல்லை, எல்லாரும் காலியாக இருந்த அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற கம்பளி மூட்டையைத் திரும்பிப் பார்க்கிறார்கள், மூட்டை பயந்துபோய்த் தலையாட்டிவிட்டது. ஆஜர். இங்கேயும் அதே கதைதான். இரண்டு பள்ளிக்கூடத்திலும் அன்றைக்கு ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை.

பிறகு சூப் கொடுத்தார்கள், குடித்தாயிற்று. படம் வரையச் சொன்னார்கள், ஒரு பூனை வரைந்தாயிற்று. பக்கத்தில் இருந்த பிள்ளை ஷூ கயிற்றைக் கட்டிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அந்த இன்னொரு பிள்ளையின் அம்மா, பேக்கரியில் வேலை செய்கிறவர், மகன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு வந்து பார்த்தால் மகன் இடத்தில் வேறு யாரோ. 'ஐயோ, இது என் புள்ளை இல்லீங்களே' என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பெல்லாம் எழுந்து வந்துவிட்டதாம். டீச்சர் குனிந்து, 'நீ யாரும்மா கண்ணு?' என்று கேட்டதற்கு, 'நான் கடைசிப் பெட்டி' என்று பதில் வந்ததாம். இதை நீ வீட்டுக்கு யார் வந்தாலும் நடுக்கூடத்தில் நின்று நடித்துக் காட்டுவாய், அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தது, டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது எல்லாம். நான் அன்று லாண்டரியில் வெந்துகொண்டிருந்தவன், சாயங்காலம்தான் விஷயமே தெரியும், ஆனாலும் நீ சொல்லிச் சொல்லி நானும் கூடவே இருந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அந்த அம்மாவே கையைப் பிடித்துப் பாலத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்து இங்கே விட்டுவிட்டுத் தன் மகனை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் திரும்பிப் பார்த்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று இன்றுவரை நீ அவனைக் குத்திக்காட்டுகிறாய், அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறான்.

பட்டாணி, உன் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. தெரியாத அறை, தெரியாத முகங்கள், வேறு யாருடைய பெயருக்கோ தலையாட்டிவிட்டு, சொன்னால் அடிப்பார்களோ என்று உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நினைப்பில் நீ போனில் அழுகிறாய் என்றால் அதை யாரும் விளையாட்டு என்று சொல்லக்கூடாது, மாப்பிள்ளை, இது உங்களுக்கு. ஆனால் ஒன்று யோசித்துப் பார் அம்மா. தொலைந்துபோன அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு சூப் கொடுக்க ஆள் இருந்தது, கயிறு கட்ட ஆள் இருந்தது, கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் இருந்தது. அதில் ஒருவரும் நமக்குச் சொந்தம் இல்லை. லீவுக்கு முன்னால் பொடியன் கார் கண்ணாடி வழியாக மற்ற பிள்ளைகள் ஐஸை மிதித்து உடைப்பதைப் பார்த்துக்கொண்டே போவான் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. முதல் வாரம் நீயும் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்துபோ, அவன் பார்க்காத மாதிரி. பார்த்துவிட்டால் ரொட்டி வாங்க வந்தேன் என்று சொல். பிறகு உன் மனசு ஒத்துக்கொண்டால் விடு, ஒத்துக்கொள்ளவில்லையா, காரிலேயே கொண்டுபோ, நான் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் மாப்பிள்ளையிடம் பேசு. உப்பு கேட்கவாவது நேரே பேசு.

பார்சலில் மூன்று ஜோடிக் கையுறை வைத்திருக்கிறேன், ஒன்று கண்டிப்பாகத் தொலையும், இன்னொன்று யாருக்காவது போகும், மூன்றாவது அவனுக்கு. காலையில் ஹீட்டர் மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போட்டுவிடு, ஈரத்தோடு போடாதே. நீ வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே, உன் அம்மா எழுதச் சொன்னாள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். பொடியன் மூக்கைத் துடைத்துவிட்டு அந்த மூக்கிலேயே தாத்தா சார்பில் ஒரு முத்தம்.

என்றும் உங்கள் நினைப்பிலேயே இருக்கும்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா வாங்கிப் படித்தாள். பாதியில் என்னை நிமிர்ந்து பார்த்து, 'உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா, இல்ல வேணும்னே எழுதினீங்களா?' என்றாள். ரயில் மாறிப்போன அந்த வாரம் பூராவும் நீ பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் வீங்கிக் கட்டிலில் கிடந்தாயாம். நீ வராததால் பெரியவன் கடைசிப் பெட்டியாகிப் போயிருக்கிறான். சாயங்காலம் வந்து உன் கட்டில் ஓரம் உட்கார்ந்து அதை நடித்துக் காட்டினானாம், நீ விடாமல் தினமும் திரும்பத் திரும்பக் கேட்டாயாம், உடம்பு சரியாகி எழுந்தபோது அது உன் கதையாகிவிட்டிருந்ததாம். நம்பாமல் பெரியவனுக்குப் போன் போட்டேன். 'ஆமாப்பா, தொலைஞ்சது நான்தான். அவ அவ்வளவு ஆசையாச் சொல்லிக்கிட்டிருந்தா, அதான் நான் ஒண்ணும் சொல்லலை' என்கிறான்.