இன்று காலை உள்நுழைந்த உன் பெயர்

இன்று காலை நம் மீனவர் சங்கக் கந்தோரின் கணினி என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒருகணம் கறுத்து, மறுபடி அதே நுழைவுப் பக்கத்தில் வந்து நின்றது. நாலு தரம் அப்படியே. நீ காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. ஆனாலும் உன்னைக் கேட்க, நீ வழக்கமாக இருக்கும் கதிரைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

வெளியே சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் நின்றாள்.

"விடியக் கரைக்கு வரவேண்டிய மனுசன் இன்னும் வரேல்லை, மிஸ். ஆரின்ர படகில போனவர் எண்டும் சொல்லேல்லை. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

கடலுக்குப் போனவர்களின் பட்டியல் முழுதும் அந்த லினக்ஸ் கணினிக்குள்தான்.

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து நீ வேலைக்குச் சேர்ந்த ஆண்டில், இப்படித்தான் ஒருநாள் நான் பதறி விசைகளைக் குத்தினேன். தமிழ்நாட்டுப் பேச்சு உன் நாக்கைவிட்டு இன்னும் போயிருக்கவில்லை. "ஏய், அதைப் போட்டு அடிக்காத. பாஸ்வேர்ட் தப்புன்னா தப்புன்னு சொல்லும். ஏத்துக்கிட்டு வெளிய தள்ளினா, உள்ள இடமிருக்கான்னு பாரு" என்று சிரித்தாய்.

அதையே செய்தேன். எழுத்துகள் மட்டும் வரும் கறுப்புத் திரைக்கு மாறி உள்ளே போனேன். கணினியின் சேமிப்பு வட்டு நிறைந்திருந்தது. நிறைத்தது எது என்று தேடினால், உன் கோப்புறை. கடைசிக் கோப்பில் இன்றைய திகதி, காலை ஆறு மணி. நம்பமுடியாமல், யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவேட்டைத் திறந்தேன். ஆறு மணிக்கு உன் பெயரில் ஒரு நுழைவு. ஐந்து மணிக்கும். நாலு மணிக்கும். உன்னை மண்ணுக்குள் வைத்த அன்று பிற்பகலிலும், மணிக்கொரு தரம். யாரோ உன் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று பயந்தேன்.

யாருமில்லை. தானாக ஓடும்படி நீ எழுதிவைத்த பணி அது. மணிக்கொரு தரம் படகுப் பட்டியலைப் பிரதியெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் தலையில் நீ எழுதிவைத்த குறிப்பின்படி, பழைய பிரதிகளை வெள்ளிக்கிழமைகளில் உன் கையாலேயே அழித்திருக்கிறாய், எனக்குத் தெரியாது. நீ போனபின் அழிக்க ஆளில்லை.

பழையவற்றை அழித்ததும் கணினி வழிவிட்டது. பட்டியலில் அந்தப் பெண்ணின் கணவர் போன படகைக் கண்டு, கூடப் போனவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, எஞ்சின் நிண்டுபோச்சு. காத்து இழுத்துக்கொண்டு போனது. இலுப்பைக்கடவையில கரை ஏறீட்டம். எல்லாரும் சுகம்."

செய்தியைச் சொன்னதும் அந்தப் பெண் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். நானும் அழுதேன். அவள் தனக்காக என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பணியை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலையும் இனி எனக்கு. ஆனால் உன் பெயருக்கு எதிரே இன்றைய நேரத்தைக் கண்ட நொடியில், பயம் வருவதற்கும் முன்னால், "வந்திட்டியா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.