பாதி திறந்த கதவு

மெல்பேண்,
18.8.1974

அன்புள்ள யோகாவுக்கு,

என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. உமக்கும் பிள்ளைக்கும் சுகம்தானே? மாமிக்குக் கால்வலி குறைஞ்சுதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை செய்யிற கெவின் வீட்டுக்கு அப்பிள் வாங்கிக்கொண்டு போனனான். ஊரில போற மாதிரித்தான், முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் கதவைப் பாதி திறந்து, வாசலிலேயே ரெண்டு கதை கதைச்சு அனுப்பிவிட்டான். வெள்ளைக்காரருக்கு ஆக்களை மதிக்கத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினன்.

நேற்றுச் சனி முழுக்கு. உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி, துவாயோடு ஹீற்றருக்குப் பக்கத்தில நின்றனான். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டிற சத்தம் கேட்டுது. கெவின், கையில கேக்கோடு. கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, கேக்கை வாங்கிக்கொண்டு சாத்திவிட்டன். அந்தக் கோலத்தில வேறென்ன செய்யிறது? அண்டைக்கு அவன் என்ன கோலத்தில நின்றானோ, அதை நான் யோசிக்கவே இல்லை.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு என்ர கதவைத் தட்டின முதல் ஆள் அவன்தான்.

என்னோடு படித்த சச்சிதானந்தன் அடுத்த மாதம் இங்க வாறான். அவனிட்ட ஒரு போத்தல் நல்லெண்ணெய் குடுத்துவிடும். பிள்ளையின்ர படம் ஒன்றும். நீரும் அதில நில்லும்.

கன நாளாய் உம்முடைய கடிதம் இல்லை. அதுக்கு நானே ஒரு காரணம் வைச்சுக்கொண்டு உம்மோடு கோபமாய் இருந்தனான். நேற்றோடு அதை விட்டிட்டன். உண்மையில என்ன காரணம் என்று நீரே எழுதும்.

பஸ் வரப்போகுது, நிறுத்திறன்.

உமது,
வரதராஜா