ஒண்ணாம் நம்பர் சிலிண்டர்

அக்டோபர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொருக்குப்பேட்டை கேட்டில் முக்கால் மணி நேரம். கூட்ஸ் வண்டி முன்னே போகிறது, பின்னே வருகிறது, ஒழிந்து போக மட்டும் மாட்டேன் என்கிறது. லேட். மோட்டார் ஷெட்டில் முதலாளியிடம் திட்டு.

எண்ணூர் உப்பளக்காரர் மகனின் சிவப்பு வண்டி வந்திருக்கிறது. சீமை வண்டி, இரண்டே சீட்டு, ரேஸுக்கென்று பண்ணியது. வண்டிக்கு இருபது வயசாவது இருக்கும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறுகிறது. பானட் மேல் வைத்த ஸ்பேனர் தானாக நகர்ந்து கீழே விழுந்தது.

முதலாளியிடம் மறுபடியும் பேப்பர் கேட்டேன். பெரம்பூரில் புதிதாக வந்திருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லிக் கடிதம். இப்போதைய முதலாளி விடுவிக்கச் சம்மதம் என்று எழுதித் தரவேண்டுமாம். இந்த வருஷம் விட்டால் எனக்கு வயசு தாண்டிவிடும். பதினோரு வருஷமாக இதே ஷெட், வண்டிக்கு அடியில் இதே குழி.

"அந்த வண்டி ஆட்டம் நிக்கட்டும் முனுசாமி. பேப்பரு தரேன்" என்றார்.

வாங்க: தீப்பெட்டி. தனத்துக்கு இருமல் மருந்து. குடைக் கம்பி.

அக்டோபர் 12, புதன்

வெயில். புழுக்கம். மருந்து மறந்தேன்.

நாலு பிளக்கும் கழற்றிச் சுத்தம். பாயின்ட் சரி. ஆட்டம் அப்படியே.

பிறகு பழைய வழி. மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொரு பிளக்காகக் கரண்ட்டைத் தடுத்துப் பார்த்தேன். இரண்டு, மூன்று, நாலு, எதைத் தடுத்தாலும் எஞ்சின் தள்ளாடுகிறது. ஒண்ணாம் நம்பரைத் தடுத்தால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவன்தானே. புகை வெளியேறும் வால்வு இறுகி, முழுக்க மூடாமல் கிடக்கிறது. கொஞ்சம் லூஸ் பண்ணி இடைவெளி விட்டால், அதாவது கேப் வைத்தால், தீர்ந்தது. மனசுக்குள் பெரம்பூர் போய்விட்டேன்.

அதற்குள் துறைமுக கேட்டில் ஒரு லாரி படுத்துவிட்டது என்று முதலாளி என்னை விரட்டினார். ஒண்ணாம் நம்பர் புகை வால்வு டைட், கேப் வை என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு ஓடினேன். கன்னியப்பன் துறைமுக லாஞ்ச் படகில் எஞ்சின் பார்த்தவன், ஷெட்டுக்கு வந்து இரண்டு மாசம். நல்ல கை. ஆனால் போன வாரம் ஒரு ரேடியேட்டரை உடைத்துவிட்டான். இன்னொரு தப்பு நடந்தால் வெளியே என்று முதலாளி எல்லார் எதிரிலும் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 13, வியாழன்

மழை. வண்டி இன்னும் ஆடுகிறது. போதாக்குறைக்கு டிக் டிக் என்று புதுச் சத்தம்.

கேப் வைத்தாயா என்றேன். வைத்தேன் மாமு என்றான். நம்பினேன். திறந்து பார்க்கவில்லை, கழுதை.

கார்புரேட்டர் இரண்டையும் பிரித்துக் கழுவி மாட்டினேன். இல்லை. எஞ்சின் உட்காரும் ரப்பர் போய்விட்டதோ என்று குழியில் இறங்கினேன். கணுக்கால் அளவு தண்ணீர். மேலே வண்டி, சுற்றிலும் சுவர், மூக்கில் எண்ணெய் சொட்டுகிறது. சாகும்வரை இங்கேதான் என்று தோன்றிவிட்டது. பயந்தேன். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் தனம் திங்கட்கிழமைக்கென்று என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பேப்பர் கிடைத்ததா என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். பாவம், என்னைக் கட்டிக்கொண்டவள் என்ன செய்வாள். மருந்து மட்டும் வாங்கினேன்.

அக்டோபர் 14, வெள்ளி

வானம் வெளுத்தது.

பிளக்குகளை மறுபடி பார்க்கலாம் என்று, ஒண்ணாம் நம்பரைக் கழற்று என்றேன். கன்னியப்பன் நேரே டிரைவர் பக்கத்துக் கடைசிப் பிளக்கில் போய் ஸ்பேனரை வைத்தான்.

"அது நாலு" என்றேன்.

"இன்னா மாமு, இதானே ஒண்ணு? லாஞ்சில ஃப்ளைவீல் பக்கத்துலேர்ந்துதானே எண்ணுவோம்."

முன்னால் ரேடியேட்டர் பக்கம் ஒன்று என்று நான். பின்னால் ஃப்ளைவீல் பக்கம் ஒன்று என்று அவன். விரலால் காட்டியிருந்தால் அரை நிமிஷம்.

"கேப் சரியாத்தான் கீதேன்னு பாத்தேன். நீ டைட்டுன்னு சொன்ன. அதான் இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணேன்" என்றான். அவன் முகம் செத்துவிட்டது. முதலாளிகிட்ட சொல்லாதே மாமு என்று மெல்லச் சொன்னான்.

இறுகிக் கிடந்த ஒன்றையும், லூஸாகி டிக் டிக் அடித்த நாலையும் சரி செய்ய இருபது நிமிஷம். ஸ்டார்ட் செய்து பானட் மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

என்ன கோளாறு என்று முதலாளி கேட்டார். கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வால்வு, கார்புரேட்டர், ரப்பர் மூன்றும் ஒன்றையொன்று மறைத்த கோளாறு, சீமையிலிருந்து ஆள் வந்தாலும் லேசில் பிடிபடாது என்று அளந்துவிட்டேன். வாய் கூசவில்லை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேப்பர் நாளைக்கு என்றார்.

பொய்தான். ஒருவன் பிழைத்தான், போகட்டும்.

அக்டோபர் 15, சனி

நல்ல வெயில். உப்பளக்காரர் மகன் வந்து வண்டியை எடுத்துப் போனார். முதலாளி என் தோளில் கை போட்டு, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் அவரிடம் சொன்னார். பதினோரு வருஷத்தில் தோளில் கை போட்டது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் கவர் கொடுத்தார். இங்கிலீஷில் டைப் அடித்தது. காலடிப்பேட்டை வந்ததும் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் நீட்டினேன். அவர் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முனுசாமியைப் போல ஒரு கை பட்டணத்தில் கிடையாது. யாருக்கும் பிடிபடாத கோளாறை மூன்றே நாளில் பிடித்தவர். நேர்மையானவர்.

அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேலே சொல்லுங்க சார்" என்றேன்.

"இவர் இல்லாமல் என் ஷெட் நடக்காது. ஆகையால் இவரை விடுவிக்கச் சம்மதமில்லை."

உள்ளே வந்தேன். நல்லபடியாக எழுதியிருக்கிறாரா என்று அடுப்படியிலிருந்து தனம் கேட்டாள். ரொம்ப நல்லபடியாக என்றேன்.