அவள் கேட்டது வேறு

மார்ச் 6

காலையில் என் மனைவியின் கால் கட்டைப் பிரித்தேன். குதிகாலில் இருக்கும் புண்குழி இன்னும் பெரிதாகிவிட்டது. ஓரமெல்லாம் கறுப்பு. சர்க்கரை இருப்பவர்களுக்குப் புண் ஆற நாளாகும் என்றுதான் நர்ஸ் சொன்னார். இப்படி அழுகும் என்று சொல்லவில்லை. நாற்றம் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன் — அவள் பார்த்துவிட்டாள்.

"ஜன்னலத் திறந்து விடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

வேலைக்குப் போய், பேக்கரியில் அடுப்பிலிருந்து பன் தட்டை இழுத்தபோதும் அதே நாற்றம். மூக்குக்குள் குடிவந்துவிட்டது, சனியன்.

மார்ச் 7

கும்பிட்டேன். அவள் கால் போகக்கூடாது. வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11

மச்சான் வந்தார். இவளுடைய சொந்த அண்ணன். அறை வாசலைத் தாண்டவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே, "கடவுள் சோதிப்பாரு மாப்ள, கைவிட மாட்டாரு" என்றார். கைவிடாதவர் வந்து கட்டு மாற்றுவாரா? நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். வாயால் வண்டி வண்டியாய் ஆறுதல். தங்கச்சி கையைத் தொட மட்டும் மனசில்லை.

அவரைச் சொல்லி என்ன? நானே கூடத்தில்தான் படுக்கிறேன். எனக்கு இருமல், உன் தூக்கம் கெடும் என்று அவளிடம் பொய். த்தூ! நானும் ஒரு புருஷன்.

மார்ச் 15

"கணுக்காலுக்கு மேல எடுத்தாகணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இத்தனை நாளும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறேன்.

மார்ச் 16

கும்பிடவில்லை. பிடிக்கவில்லை.

மார்ச் 18

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 21

வார்டில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இனிமே ஒரு செருப்பத் தேடினா போதும்" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காத! கால் மட்டும் போகக்கூடாதுன்னு கடவுள்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? காதுல வாங்கினாரா அவரு?"

கொஞ்ச நேரம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் காலக் கேக்கலங்க."

"பின்ன?"

"நாத்தம் போகணும்னு கேட்டேன். நீங்க பழையபடி பக்கத்துல வந்து உக்காரணும்னு."

அப்படியானால் அந்த இருமல் பொய் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரிந்திருக்கும்.

வெளியே நடைபாதையில் போய் நின்றேன். யார்மீது அதிக அருவருப்பு என்று சொல்லத் தெரியவில்லை. என்மீதா? அவர்மீதா? நாற்றத்தைப் போக்கக் காலையா எடுப்பது? கொடுக்கிற லட்சணமா இது? நான் முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் அவள் அதைக் கேட்டே இருக்க மாட்டாள். என்னைத் திருத்தச் சொல்லி அல்லவா அவள் கெஞ்சியிருக்கிறாள்!

ஏப்ரல் 2

வீட்டுக்கு வந்துவிட்டாள். தையல் போட்ட இடத்தில் இன்று நானே கட்டு மாற்றினேன். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. திரும்பிக்கொள்ளவில்லை. வலியில் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் கட்டிலோரமே உட்கார்ந்து கண்ணை மூடினேன். எத்தனையோ நாளைக்கப்புறம்.

"என்ன கேக்கறீங்க?"

"கேக்கல. திட்டிட்டிருக்கேன்."

"திட்டுங்க. பேசாம இருக்கறதுக்கு அது மேல்" என்று சொல்லி, மெல்ல நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.